இருநூற்றுப் பத்தா, ஆயிரத்து இருபத்து நான்கா?

மாணவர்களே, ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். அவர் இந்தப் பக்கத்தைப் பார்க்கக் கூடாது. நீங்கள் கீழுள்ள வரியை வாய்விட்டுப் படியுங்கள். அவர் அதைக் கேட்டு எழுதி, விடையையும் கண்டுபிடிக்கட்டும்.

“மூன்று கூட்டல் ஐந்து வகுத்தல் இரண்டு.”

நண்பர் 3 + 5 என்று எழுதி, அதன் கீழ் ஒரு நீண்ட கோடு போட்டு, கோட்டுக்கு அடியில் 2 என்று எழுதியிருந்தால் விடை 4. மூன்றைத் தனியே வைத்து, ஐந்துக்கு அடியில் மட்டும் கோடு போட்டிருந்தால் விடை 5.5. நீங்கள் சொன்னது ஒரே வாக்கியம்தான். ஆனால் அதிலிருந்து இரண்டு கணக்குகள் பிறந்துவிட்டன.

இன்னொன்றையும் சொல்லிப் பாருங்கள். “வர்க்கமூலம் ஒன்பது கூட்டல் பதினாறு.” மூலக்குறியின் மேற்கோடு இரண்டு எண்களையும் மூடினால் 25-இன் வர்க்கமூலம், அதாவது 5. ஒன்பதை மட்டும் மூடினால் 3 + 16, அதாவது 19. “இரண்டின் அடுக்கு மூன்று கூட்டல் ஒன்று” என்றாலும் இதே கதைதான். ஒருவருக்கு 16 வரும், மற்றவருக்கு 9 வரும்.

தாளில் எழுதும்போது இந்தக் குழப்பம் வருவதில்லை. பின்னக்கோடு எவ்வளவு நீளம், மூலக்குறியின் கூரை எதுவரை செல்கிறது, எந்த எண் சிறியதாக மேலே ஏறி நிற்கிறது என்பதையெல்லாம் கண் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்கிறது. கணிதம் இடவலமாக மட்டும் எழுதப்படுவதில்லை. மேலும் கீழும்கூட அதற்குப் பொருள் உண்டு. பேச்சுக்கோ ஒரே ஒரு திசைதான். ஒரு சொல்லுக்குப் பின் இன்னொரு சொல், அவ்வளவுதான்.

பாலிக் புலாவிலிருந்து மலையேறி, பாயா தெருபோங் பக்கம் இறங்கும் துன் சார்டோன் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பார்த்தால் அந்தச் சாலையின் எல்லா வளைவுகளும் ஒரே நேரத்தில் தெரியும். காரில் கண்ணை மூடிக்கொண்டு போனால், ஒரு வளைவு முடிந்த பிறகுதான் அடுத்தது தெரியவரும். கணக்கைக் கண்ணால் படிப்பவர் வரைபடத்தைப் பார்க்கிறார். காதால் கேட்பவர் வளைவு வளைவாகப் போகிறார்.

அப்படியானால், கண் பார்வை இல்லாத ஒரு மாணவர் படிவம் 4 கணிதத்தை எப்படிப் படிப்பார்? இருபடிச் சமன்பாட்டை யார் அவருக்கு வாசித்துக் காட்டுவது? அவர் செய்த கணக்கை ஆசிரியருக்கு எப்படிக் காட்டுவார்?

வால் மேலே, வால் கீழே

கணினி வருவதற்கு முன்பு இதற்கு ஒரு முக்கிய வழி, யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதுதான்.

1908-இல் மாஸ்கோவில் பிறந்த லெவ் பொன்டிரியாகின், 14 வயதில் ஓர் அடுப்பு வெடித்ததில் பார்வையை இழந்தார். அவருடைய தாயார் தத்தியானா கணிதம் படித்தவர் அல்லர். ஆனாலும் மகனுக்காகப் பல ஆண்டுகள் கணித நூல்களை வாசித்துக் காட்டினார். குறிகளின் பெயர் தெரியாததால், அவற்றின் உருவத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்தார் என்று சொல்வார்கள். கணங்களின் சேர்ப்புக்குரிய ∪ என்ற குறிக்கு ‘வால் மேலே’ என்றும், வெட்டுக்குரிய ∩ என்ற குறிக்கு ‘வால் கீழே’ என்றும் பெயர். அப்படிக் கேட்டுப் படித்த மகன் 20-ஆம் நூற்றாண்டின் பெரிய கணித அறிஞர்களுள் ஒருவராக உயர்ந்தார்.

எல்லாருக்கும் அப்படி ஒரு தாயார் கிடைப்பாரா? கிடைத்தாலும், அவர் இல்லாத நேரத்தில் ஒரு பக்கம்கூடத் திரும்பிப் படிக்க முடியாதே!

ஆறு புள்ளிகளுக்குள் அல்ஜீப்ரா

தாமாகவே படிக்கும் வழியைத் திறந்துவிட்டது பிரெய்ல். பிரான்சைச் சேர்ந்த லூயி பிரெய்ல் 1824-இல், தம் 15 வயதிலேயே இந்த முறையின் அடிப்படையை உருவாக்கிவிட்டார். தாளில் புடைத்து நிற்கும் ஆறு புள்ளிகளை விரல் நுனியால் தடவிப் படிப்பார்கள். ஆறு புள்ளிகளை வைத்து மொத்தம் 63 வடிவங்களைத்தான் உருவாக்க முடியும்.

எழுத்துகளுக்கு 63 போதும். கணிதத்துக்கு? எண்கள், கூட்டல், கழித்தல், அடுக்கு, மூலம், பின்னம், கிரேக்க எழுத்துகள், கணக்குறிகள் என்று பட்டியல் நீள்கிறது. சாதாரண பிரெய்லில் எண்களுக்குத் தனி வடிவம்கூடக் கிடையாது. ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளுக்கு முன்னால் ஒரு குறி சேர்த்தால் அவை எண்களாகிவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களுள் முக்கியமானவர் ஆபிரகாம் நெமத். 1918-இல் நியூயார்க்கில் பிறந்த இவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கணிதம் படிக்க ஆசைப்பட்டவரை, ‘அது பார்வையற்றவருக்குச் சரிவராது’ என்று சொல்லி உளவியல் பக்கம் திருப்பிவிட்டார்கள். அவர் உளவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார்; கணிதத்தையும் விடவில்லை. தம் சொந்தத் தேவைக்காக ஒரு கணித பிரெய்ல் முறையை உருவாக்கினார். அது 1952-இல் வெளியாகி, ‘நெமத் குறியீடு’ என்று பெயர் பெற்றது. பின்னர் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் 30 ஆண்டுகள் கணிதம் கற்பித்தார்.

நெமத்தின் யோசனை எளிமையானது. பின்னம் தொடங்கும் இடத்தில் ஒரு குறி, கோடு வரும் இடத்தில் ஒரு குறி, பின்னம் முடியும் இடத்தில் ஒரு குறி. தமக்கு வாசித்துக் காட்ட வருபவர்களிடமும் அதே ஒழுங்கைக் கேட்டார். “பின்னம் தொடக்கம், மூன்று கூட்டல் ஐந்து, கீழ், இரண்டு, பின்னம் முடிவு” என்று வாசித்தால் கேட்பவருக்குச் சந்தேகமே வராது. இப்போது உங்கள் நண்பரிடம் இந்த முறையில் வாசித்துப் பாருங்கள். அவர் 4 என்ற விடையைத் தவிர வேறெதையும் எழுத முடியாது.

கணினி ஏன் தடுமாறுகிறது?

இன்று கணினியே வாசித்துக் காட்டுகிறதே, பிறகு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம்.

பார்வையற்றோர் கணினியிலும் கைப்பேசியிலும் ‘திரைவாசிப்பான்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக மாற்றும். கதை, செய்தி, கடிதம் எல்லாவற்றையும் நன்றாகவே வாசிக்கும். கணிதம் நிறைந்த பிடிஎஃப் கோப்பைத் திறந்தால்தான் சிக்கல்.

சாதாரண பிடிஎஃப் கோப்பு என்பது உண்மையில் அச்சு இயந்திரத்துக்கான கட்டளைப் பட்டியல். ‘இந்த எழுத்தை இந்த இடத்தில் வை, இங்கிருந்து அங்குவரை ஒரு கோடு போடு’ என்பதுதான் அதில் இருக்கும். அந்தக் கோடு பின்னக்கோடு என்றோ, அந்த எண் அடுக்கு என்றோ எங்கும் எழுதியிருக்காது. அதனால் திரைவாசிப்பான் கோட்டை விட்டுவிடும். எண்களை மட்டும் வரிசையாக வாசிக்கும். 2¹⁰ என்பதை ‘இருநூற்றுப் பத்து’ என்று வாசித்துவிடும். சரியான விடை 1024. தேர்வுத்தாளில் இப்படி நடந்தால், கணக்குத் தெரிந்த மாணவருக்கும் மதிப்பெண் போய்விடும்.

சமன்பாட்டைப் படமாக ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். திரைவாசிப்பான் ‘படம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும்.

தமிழ் எழுத்துருக்களிலும் இதே போன்ற ஒரு சிக்கல் இருந்தது. 1980-களில் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் போன்றவை தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தன. ஆனால் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் பொதுவான குறியீட்டு முறை இல்லை. பல பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களை வைத்திருந்தார்கள். கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும். கணினிக்கு அது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். யூனிகோடு பரவிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிவதும் கணினிக்குப் புரிவதும் ஒன்றாயின. கணிதத்துக்கும் அப்படி ஒரு மாற்றம் தேவைப்பட்டது.

மூலத்திலேயே இருந்த விடை

விடைக்கான விதை வேறோர் இடத்தில் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1977-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத், தம் நூலின் புதிய பதிப்புக்கான அச்சுப் படிகளைப் பார்த்தார். கணிதச் சமன்பாடுகள் அவ்வளவு அழகில்லாமல் இருந்தன. அதனால் தாமே ‘டெக்’ என்ற எழுத்துக்கோப்பு மென்பொருளை எழுதினார். 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் ‘லேடெக்’ என்ற அமைப்பை உருவாக்கினார். உலகின் கணித, இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இன்றும் இதில்தான் எழுதப்படுகின்றன.

இதில் சமன்பாட்டை வரைய வேண்டாம், சொன்னால் போதும். ‘இது ஒரு பின்னம். தொகுதி 3 + 5. பகுதி 2’ என்று கட்டளையாகத் தட்டச்சு செய்தால், கோட்டின் நீளத்தையும் எண்களின் அளவையும் கணினியே பார்த்துக்கொள்ளும். நெமத் தம் வாசிப்பாளர்களிடம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தானே? பொருள் முழுவதும் அந்த மூலக் கோப்பில் இருக்கிறது. பிடிஎஃப்பாக மாறும்போதுதான் அது தொலைந்துபோகிறது.

இதைப் பிடித்துக்கொண்டவர் டி.வி.ராமன். 1965-இல் இந்தியாவின் பூனே நகரில் பிறந்தவர். கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை முழுமையாக இழந்தார். பிரெய்ல் குறிகள் பதித்த ரூபிக் கனசதுரத்தை விரலால் தடவியே தீர்க்கும் அளவுக்குப் புதிர்களில் ஆர்வம் கொண்டவர். பூனேயில் கணிதப் பட்டம் பெற்று, மும்பை ஐஐடியில் கணினி அறிவியல் படித்து, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

அங்கே அவர் எழுதிய மென்பொருளின் பெயர் ‘ஆஸ்டர்’. அது அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும்கூட! லேடெக் மூலக் கோப்பை எடுத்துக்கொண்டு, கணிதத்தைக் காதுக்கு ஏற்றவாறு அது வாசிக்கும். அடுக்கு வந்தால் குரலின் சுருதி மேலே ஏறும்; கீழ்க்குறி வந்தால் சுருதி இறங்கும். தாளில் உயரம் செய்யும் வேலையை இங்கே குரல் செய்கிறது. 2¹⁰ என்பதில் 10 மட்டும் உயர்ந்த சுருதியில் ஒலித்தால், யாருக்கும் 210 என்று தோன்றாது. இந்த ஆய்வுக்காக 1994-இல் முனைவர் பட்டம் பெற்றார். கணினித் துறையில் சிறந்த முனைவர் ஆய்வேட்டுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. பின்னர் கூகுள் நிறுவனத்தில், கைப்பேசியைக் கண்ணால் பார்க்காமல் இயக்கும் வழிகளை உருவாக்குவதிலும் பணியாற்றினார்.

ஜாதிக்காய் மரமும் சமன்பாடும்

ஆஸ்டர் இன்னொரு சிக்கலையும் தீர்த்தது. நீண்ட சமன்பாட்டைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மூச்சில் வாசித்தால் யாருக்கு நினைவில் நிற்கும்? பார்க்கக்கூடியவரும் அப்படிப் படிப்பதில்லை. முதலில் ‘ஓ, இது ஒரு பெரிய பின்னம்’ என்று மேலோட்டமாகப் பார்க்கிறார். பிறகு மேலே என்ன, கீழே என்ன என்று நுணுக்கமாகப் பார்க்கிறார்.

கணினி ஒரு சமன்பாட்டை மரம்போல் சேமித்து வைக்கலாம். பாலிக் புலாவின் தோட்டங்களில் நிற்கும் ஜாதிக்காய் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடிமரம் ‘பின்னம்’. அதிலிருந்து இரண்டு கிளைகள். ஒன்று தொகுதி, இன்னொன்று பகுதி. தொகுதிக் கிளையில் ‘கூட்டல்’ என்ற சிறு கிளை; அதன் நுனியில் 3, 5 என்ற இரண்டு காய்கள். கேட்பவர் அடிமரத்தில் நின்று ‘இது பின்னம்’ என்று மட்டும் கேட்கலாம். விரும்பினால் விசையை அழுத்தி ஒரு கிளைக்குள் இறங்கலாம்; மீண்டும் மேலே ஏறலாம். காரில் கண்ணை மூடிப் போனவரின் கையில் இப்போது ஒரு வரைபடம் வந்துவிட்டது.

இந்த மர அமைப்பை இணையத்துக்குக் கொண்டுவந்தது ‘மேத்எம்எல்’ என்ற மொழி. இது 1998-இல் இணையத்தின் அதிகாரபூர்வப் பரிந்துரையாக வெளிவந்தது. இன்று ‘என்விடிஏ’ போன்ற திரைவாசிப்பான்கள், ‘மேத்கேட்’ என்ற நிரலின் உதவியோடு மேத்எம்எல் கணிதத்தை வாசிக்கின்றன. கிளை கிளையாகச் செல்லவும் விடுகின்றன. அதையே நெமத் குறியீடாக மாற்றிப் புள்ளிகள் எழும்பும் பிரெய்ல் கருவிக்கும் அனுப்புகின்றன. என்விடிஏயை உருவாக்கி வளர்த்த இருவரும் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள்தாம். அதற்குக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம்.

ஆய்வுக் கட்டுரைகளும் மெல்ல மாறுகின்றன. கணித, இயற்பியல் கட்டுரைகளை இலவசமாக வெளியிடும் ‘ஆர்க்கைவ்’ தளம், 2023 டிசம்பர் முதல் பிடிஎஃப்புடன் இணையப்பக்க வடிவத்தையும் சேர்த்துத் தருகிறது. லேடெக் அமைப்பைப் பராமரிக்கும் குழுவும், பின்னம் எது, அடுக்கு எது என்ற விவரங்களைப் பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும் பணியில் இறங்கியுள்ளது.

கதவு திறந்தால் போதாது

தொழில்நுட்பம் இருந்தும் வாய்ப்பு மறுக்கப்படுவது உண்டு. டில்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னி என்ற பார்வையற்ற மாணவர், 10-ஆம் வகுப்புக்குப் பிறகு அறிவியல் பிரிவில் சேர விரும்பினார். அனுமதி பெறவே கல்வி வாரியத்துடன் போராட வேண்டியிருந்தது. 12-ஆம் வகுப்பில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்ற பிறகும் ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு வழி கிடைக்கவில்லை. 2013-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் கணினி அறிவியல் படித்து, மாற்றுத்திறனாளிகள் அறிவியல் நூல்களைப் படிக்க உதவும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார்.

நம் மாநிலத்திலும் இந்தப் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1926-இல் மலாக்காவில் தொடங்கி, பின்னர் பினாங்குக்கு இடம்பெயர்ந்த செயின்ட் நிக்கலஸ் இல்லம், இன்றும் பாகான் ஜெர்மாலில் பார்வையற்றோருக்குச் சேவை செய்கிறது. நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்று கூறும் மரக்கேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது. மலேசியா 2022-இல் அதில் இணைந்தது.

சட்டம் அனுமதி தந்துவிட்டது. ஆனால் ஒரு கணிதப் பக்கத்தை மாற்ற இன்னும் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு பின்னத்தையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. முதலில் எழுதியவரே சரியாக எழுதியிருந்தால் அந்த இரண்டாவது வேலையே தேவைப்படாது. அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். நாளை பயிற்சித்தாளும் பாடநூலும் செயலியும் தயாரிக்கப் போவது உங்களில் சிலர்தானே!

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை

1. வேர்ட் மென்பொருளில் சமன்பாட்டைப் படமாக ஒட்டாதீர்கள். ஆல்ட் விசையையும் சமக்குறி விசையையும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதில் தட்டச்சு செய்தால், பின்னம் பின்னமாகவே சேமிக்கப்படும்.

2. தலைப்பை வெறுமனே பெரிய எழுத்தாக்காமல், ‘தலைப்பு’ என்ற பாணியைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். திரைவாசிப்பான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ அது உதவும்.

3. வரைபடம் சேர்த்தால், அதன் கீழ் இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். ‘வளைகோடு இடப்பக்கம் இறங்கி, சுழியத்தைத் தொட்டு, வலப்பக்கம் ஏறுகிறது’ என்பது போல.

4. தமிழில் எழுதும்போது யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள்.

5. வகுப்பின் புலனக் குழுவில் குறிப்பைப் படமெடுத்துப் போடும்போது, முக்கிய வரிகளைத் தட்டச்சு செய்தும் அனுப்புங்கள். இணைய வேகம் குறைந்த நண்பருக்கும் அது பயன்படும்.

சோதித்துப் பாருங்கள்

உங்கள் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். அதை இயக்கினால் தொடும் முறை மாறிவிடும் என்பதால், எப்படி நிறுத்துவது என்பதை முதலில் படித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பள்ளியின் கணிதப் பயிற்சித்தாள் ஒன்றைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முதல் ஐந்து கேள்விகளில் எத்தனை சரியாகப் புரிகின்றன என்று எண்ணுங்கள். ஐந்தும் புரிந்தால் அந்தத் தாளைத் தயாரித்தவருக்கு நன்றி சொல்லுங்கள். புரியவில்லையென்றால் ஒரே ஒரு கேள்வியை எடுத்து, மேலே சொன்ன முறையில் நீங்களே திருத்தி எழுதி, மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.